கழிவுநீர்க் கசடும் மட்காத சருகும்

ஒரு நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து முடித்தால் இரண்டு பொருள்கள் மிஞ்சும். ஒன்று, ஆற்றில் விடக்கூடிய அளவுக்குத் தெளிந்த நீர். இன்னொன்று, தொட்டியின் அடியில் படிகிற கரிய, நாற்றமடிக்கும் கசடு. தெளிந்த நீர் எப்படியும் ஒரு வழியில் போய்விடும். கசடுக்குத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது. பல நாடுகள் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 இறுதியோடு அதற்குத் தடை வந்தது. எரிக்கலாம், ஆனால் செலவு அதிகம். குப்பைமேட்டில் புதைக்கலாம், ஆனால் இடம் இல்லை. மிஞ்சுவது வயல்.

கசடை வயலில் போடுவது மோசமான யோசனை அல்ல. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய இருக்கின்றன. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் கரிமப் பொருளும் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கசடை உலர்த்தி, 'மில்ஆர்கனைட்' என்று பெயர் வைத்து, 1926 முதல் மூட்டை மூட்டையாக விற்கிறது. விளைச்சலோடு வயலை விட்டுப் போன சத்து வயலுக்கே திரும்பி வருகிறது என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அதோடு கூட வருகிற சரக்கில்தான். வீட்டுக் குழாய்களிலிருந்து செம்பு, தகரக் கூரைகளில் வழியும் மழைநீரிலிருந்து துத்தநாகம், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கலும் குரோமியமும் காட்மியமும், சாலைத் தூசியிலிருந்து ஈயம் என எல்லாம் ஒரே சாக்கடையில் கலக்கின்றன. சுத்திகரிப்பில் நீரை விட்டுப் பிரியும் உலோகத்தில் பெரும்பகுதி கசடோடு ஒட்டிக்கொள்கிறது.

மண்ணில் போட்ட கசடின் கரிமப் பொருள் சில ஆண்டுகளில் மட்கி, கரிவளியாக (கார்பன் டை ஆக்சைடாக)க் காற்றில் கலந்துவிடும். உலோகம் மட்காது. ஒவ்வொரு முறை கசடு போடும்போதும் சத்து வந்து போகிறது, உலோகம் வந்து தங்குகிறது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு வேறுபாடுதான்.

அப்படித் தங்கும் உலோகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். பயிர் வளருமா? அதைச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்தா? இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் பயிருக்கும் மனிதருக்கும் முன்னால் அடி வாங்குவது மண்ணுக்குள் வாழ்கிறவை: மண்புழு, மரவட்டை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் சிற்றுண்ணிகள், அவற்றுக்கும் கீழே பூஞ்சையும் பாக்டீரியாவும். இவை அடி வாங்கியதற்கு வெளியே தெரியும் அறிகுறி மிக எளிமையானது. விழுந்த இலை மட்காமல் கிடக்கும்.

ஓர் இலை மட்குவதை நுண்ணுயிர் மட்டும் செய்து முடிக்கும் வேலை என்று நினைப்பது இயல்பு. அது எவ்வளவு தவறு என்பதை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் எட்வர்ட்ஸ், ஹீத் என்ற இருவர் 1960-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஓக், பீச் மரங்களின் இலைகளிலிருந்து ஒரே அளவு வட்டங்களை வெட்டினார்கள். அவற்றை நைலான் வலைப் பைகளில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். பைகளுக்குள் இருந்த ஒரே வேறுபாடு வலைக்கண்ணின் அளவு. 7 மில்லிமீட்டர் கண் என்றால் மண்புழு நுழையும். 1 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்றால் சிறு பூச்சிகளும் உண்ணிகளும் மட்டும். 0.003 மில்லிமீட்டர் என்றால் நுண்ணுயிர் தவிர வேறு எதுவும் உள்ளே போக முடியாது. மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது பெரிய கண் பைகளில் இலை பெருமளவு காணாமல் போயிருந்தது. மிகச் சிறிய கண் பைகளில் இருந்த இலைகளோ கண்ணுக்குத் தெரியும்படி சிதையவே இல்லை, போட்ட வட்டம் போட்டபடியே இருந்தது.

இலையை வேதியியல் ரீதியில் உடைப்பது நுண்ணுயிர்தான் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அது வேலையைத் தொடங்குவதற்கு முன் யாராவது இலையைக் கடித்து, அரைத்து, துண்டாக்கிக் கொடுக்க வேண்டும். மண்புழு இலையை வளைக்குள் இழுத்துச் செல்கிறது. மரவட்டை நரம்பை விட்டுவிட்டுத் தசையைத் தின்கிறது. அவற்றின் எச்சத்தில் இலை பொடியாகி, ஈரமாகி, பரப்பு பல மடங்கு பெருகி வெளியே வருகிறது. 'ஸ்பிரிங்டெயில்' எனப்படும் துள்ளுபூச்சிகள் பூஞ்சை இழைகளை மேய்ந்து, கிழடு தட்டிய பூஞ்சையைப் புதிதாக வளரத் தூண்டுகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை உலோகம் தாக்குகிறது என்பதுதான் அறிய வேண்டியது. அதற்குப் பொருத்தமான களம் ராத்தம்ஸ்டெட்டின் கிளைப் பண்ணையான வோபர்னில் கிடைத்தது. ஆனால் அதை யாரும் உலோக ஆய்வுக்காகத் தொடங்கவில்லை.

பெட்ஃபர்ட்ஷயரில், மணற்பாங்கான நிலத்தில், 1942-இல், போர்க்காலத்தில் தொடங்கப்பட்ட காய்கறிச் சோதனை அது. டிராக்டரும் லாரியும் வந்து குதிரைகள் குறைந்ததில் தொழு உரத்துக்குத் தட்டுப்பாடு. அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று பார்க்க, பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றில் தொழு உரம், சிலவற்றில் தாவர மட்கு, சிலவற்றில் கசடு என்று போட்டு வந்தார்கள். கசடு வந்தது மேற்கு லண்டனின் சாக்கடைக் கசடைக் கையாண்ட பெரி ஓக்ஸ் நிலையத்திலிருந்து. (அந்த நிலையம் இருந்த இடத்தில்தான் பின்னாளில் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையம் எழுந்தது.) மேற்கு லண்டன் அப்போது தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. 1961 வரை கசடு போட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். காய்கறி நன்றாகவே விளைந்தது. சோதனை வெற்றி என்றே எவரும் சொல்லியிருப்பார்கள்.

கதை மாறியது 1980-களில். கசடை நிறுத்தி 20 ஆண்டுக்கு மேல் ஆன அந்த மண்ணை ஸ்டீவ் மெக்ராத், பிலிப் புரூக்ஸ் ஆகியோர் எடுத்துச் சோதித்தார்கள். பல பாத்திகளில் காட்மியம் ஒரு கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம் அளவை நெருங்கியிருந்தது. இது ஐரோப்பிய வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். துத்தநாகமும் செம்பும் ஏறக்குறைய வரம்பை ஒட்டி இருந்தன. மண்ணில் உயிரோடிருக்கும் நுண்ணுயிரின் மொத்த எடையை அளந்தார்கள். தொழு உரம் போட்ட பாத்திகளில் இருந்ததில் சுமார் பாதிதான் கசடு போட்ட பாத்திகளில் இருந்தது. இதை நின்று யோசிக்க வேண்டும். கசடு போட்ட மண்ணில் கரிமப் பொருளுக்குக் குறைவில்லை. தின்பதற்குத் தீனி இருந்தும் தின்கிறவர்கள் பாதிதான்.

அடுத்ததாகக் குளோவர். கால்நடைகளுக்குப் போடும் இந்தத் தீவனச்செடி அவரை, உளுந்து இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். கசடுப் பாத்திகளில் வெள்ளைக் குளோவர் விதைத்தபோது வளர்ச்சி மந்தமாக இருந்தது, இலை வெளிறியது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் இருந்தன, ஆனால் சின்னதாக, வெள்ளையாக. வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். கென் கில்லரும் மற்றவர்களும் செய்த சோதனையில் காரணம் தெரிந்தது: அந்த மண்ணில் தழைச்சத்தைப் பிடிக்கும் திறனுள்ள ரைசோபிய வகைகள் அழிந்துபோய், முடிச்சு மட்டும் போட்டு வேலை செய்யாத ஒரு வகை தங்கியிருந்தது. உலோகத்தால் செடி நேரடியாகப் பாதிக்கப்படவில்லை. தழைச்சத்து உரம் தனியாகப் போட்டால் அதே மண்ணில் அதே குளோவர் நன்றாக வளர்ந்தது. பயிரை மட்டும் பார்த்து மண்ணை மதிப்பிட்டால் எதைத் தவறவிடுவோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவையும் சொல்ல முடிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ராத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் மண், பயிர், எரு மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துச் சேமித்து வருகிறார்கள். இப்போது அந்தச் சேமிப்பில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. அதனால்தான் எந்த ஆண்டில் எவ்வளவு உலோகம் வந்தது, எவ்வளவு தங்கியது என்று பின்னோக்கிக் கணக்குப் போட முடிந்தது. போட்ட உலோகத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மேல்மண்ணிலேயே இருந்தது. மழையில் கரைந்து போகவுமில்லை, பயிர் பெரிதாக உறிஞ்சவுமில்லை. உழவின்போது பாத்திக்கு வெளியே இழுபட்டுப் போனதுதான் முக்கிய இழப்பு.

நுண்ணுயிரை அளக்கும்போது ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. மண் வெளிவிடும் கரிவளியை அளப்பது எளிது. நிறையப் பேர் அதைத்தான் அளக்கிறார்கள். ஆனால் உலோகம் ஏறிய மண்ணில் கரிவளி குறையாமலே இருக்கலாம். புரூக்ஸும் சந்தர் என்ற ஆய்வாளரும் பார்த்தபோது, இந்த மண்ணின் நுண்ணுயிர்கள் கொடுத்த தீனியில் அதிகப் பங்கை எரித்துவிட்டு, குறைந்த பங்கைத்தான் உடலாக மாற்றிக்கொண்டன. நச்சைச் சமாளிப்பதற்கே சக்தி செலவாகிறது. ஆகவே 'மண் மூச்சு விடுகிறது, நலமாக இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம்.

இனி விலங்குகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் உலோகத்தை ஒவ்வொரு விதமாகக் கையாளுகிறது. அந்த விதம்தான் யார் பிழைப்பார், யார் போவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

மண்புழுவுக்குத் தப்பிக்க இடமில்லை. மண்ணையே தின்கிறது, மண்ணின் ஈரத்தைத் தோல் வழியாக உறிஞ்சுகிறது. துத்தநாகம் அதன் உடலுக்குத் தேவையானது என்பதால் அதை ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. காட்மியத்தை வெளியேற்றத் தெரியாது. உலோகத்தைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தோடு பிணைத்து, குடலைச் சுற்றியுள்ள திசுவில் அடைத்து வைக்கிறது. இதனால் புழு உடனே சாவதில்லை, ஆனால் அதன் உடலில் காட்மியத்தின் செறிவு சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறிவிடும். ஒஹாயோவில் மயாமி பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வுத் திடலில் 1978 முதல் 11 ஆண்டுகள் மில்ஆர்கனைட் கசடைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே கசடு போட்ட பாத்தியின் மண்புழுக்களில் காட்மியம், செம்பு, துத்தநாகம் மூன்றும் மற்றப் பாத்திகளில் இருந்ததைவிட ஏறியிருந்தன. மண்புழுவைத் தின்னும் மூஞ்சூறுகளின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் அந்தக் காட்மியம் போய்ச் சேர்கிறது. பயிரில் காட்மியம் குறைவு என்பதால் உணவுச் சங்கிலி பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். புழு வழியாகப் போகும் பாதை வேறு.

செம்பு இன்னொரு விதம். அது புழுவில் காட்மியம் அளவுக்குச் சேர்வதில்லை, ஆனால் நேரடியாகத் தாக்குகிறது. குஞ்சும் முட்டைக்கூடும் குறைகின்றன. கசடுக்கு வெளியே, இங்கிலாந்தின் விஸ்பீச் பகுதி ஆப்பிள் தோட்டங்களில் இதன் முடிவைக் கண்கூடாகப் பார்த்தார்கள். பூஞ்சை நோய்க்குப் பல ஆண்டுகள் செம்பு மருந்து தெளித்த தோட்டங்களில் மண்புழு ஏறக்குறைய இல்லாமல் போனது. நல்ல தோட்டம் ஒன்றில் இலையுதிர் காலத்தில் விழும் இலைகளில் 10-க்கு 9 பங்கை ஒரே மண்புழு இனம் குளிர்காலத்துக்குள் மண்ணுக்குள் இழுத்துப் போட்டுவிடும். செம்பு ஏறிய தோட்டங்களில் இலை பாய் விரித்ததுபோல அப்படியே படிந்து கிடந்தது. அந்த நோயின் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது கீழே கிடக்கும் அந்த இலைகளில்தான். நோயைத் தடுக்கத் தெளித்த மருந்தே, நோயை வருடாவருடம் துடைத்துப் போட்ட புழுவை விரட்டியது.

துள்ளுபூச்சிகளுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம். இவை வாழ்நாள் முழுக்கத் தோல் உரிக்கும். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் குடலின் உட்படலத்தையும் சேர்த்துக் கழற்றிவிடும். அந்தப் படலத்தில் அதுவரை சேர்ந்த ஈயமும் காட்மியமும் அதோடு வெளியே போகும். பெல்ஜியத்தின் ப்ளோம்பியேர் போன்ற பழைய சுரங்கப் பகுதிகளில் இந்த வழியை வேகமாகச் செய்யும் இனத்தொகைகள் பரிணமித்திருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரக்கட்டைக்கடியில் கூட்டமாகக் கிடக்கும் சாம்பல் நிற வுட்லவுஸ் பூச்சிகளோ ஈரல் போன்ற ஓர் உறுப்பில் செம்பையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் ஈயத்தையும் மணிகளாகக் கட்டிச் சேமிக்கும். அந்தச் சேமிப்பு நிரம்பும்வரை தாங்கும். அதற்கு முன்பே உலோகம் ஏறிய இலையைத் தின்ன மறுக்கத் தொடங்கிவிடும். ஆக, எண்ணிக்கை குறையாமலே வேலை குறையலாம்: பூச்சி இருக்கிறது, ஆனால் இலையைத் தின்னவில்லை.

கசடு போட்ட மண்ணைப் பற்றிய ஆய்வுகள் பல நேரம் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கசடு ஒரே சமயத்தில் உணவும் நஞ்சும். போட்ட முதல் சில ஆண்டுகளில் ஈரம், கரிமப் பொருள், தழைச்சத்து எல்லாம் பெருகுவதால் மண்புழுவும் துள்ளுபூச்சியும் கூடத்தான் செய்யும். அந்த நேரத்தில் எண்ணிப் பார்ப்பவர் 'கசடு மண்ணுக்கு நல்லது' என்று எழுதுவார், பொய்யும் இல்லை. கசடின் கரிமப் பொருளே உலோகத்தைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு காரணம். கரிமப் பொருள் எரிந்து தீரும்போது உணவும் போகிறது, பிடியும் தளர்கிறது, உலோகம் மட்டும் நிற்கிறது. வோபர்னில் பாதிப்பு தெரிந்தது கசடு போட்டபோது அல்ல, நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து. மூன்றாண்டு ஆராய்ச்சி நிதியில் இதைப் பிடிக்க முடியாது.

இலை மட்குவதை அளப்பதிலும் இதே சிக்கல். கசடின் தழைச்சத்து, மட்கலின் முதற்கட்டத்தை வேகப்படுத்தும். சர்க்கரையும் செல்லுலோஸும் சீக்கிரம் போகும். எளிதில் உடையாத மரப்பொருளான லிக்னின் மிஞ்சும் பிற்கட்டத்தில் அதே தழைச்சத்து வேகத்தைக் குறைக்கும் என்பதை ஸ்வீடனின் பியோர்ன் பெர்க் பல ஆண்டுச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆகவே கசடுப் பாத்தியில் இரண்டாம் ஆண்டு முடிவில் சருகு அதிகம் மிஞ்சியிருந்தால் பழி முழுவதையும் உலோகத்தின்மேல் போட முடியாது. உலோகம் குறைந்த கசடு, உலோகம் மிகுந்த கசடு, அதே அளவு தழைச்சத்து கொண்ட ரசாயன உரம், எதுவும் போடாதது என்று நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிரித்துச் சொல்லலாம். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் அருகே நடந்த வயல் சோதனையில் குறைந்த உலோகக் கசடையும் உலோகம் சேர்த்த கசடையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தது இதற்காகத்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு: உலோகம் இலையில் இருப்பதால் மட்கவில்லையா, மண்ணில் இருப்பதால் மட்கவில்லையா? இதைப் பிரிக்கச் சுத்தமான இலையை அசுத்த மண்ணிலும், அசுத்த இலையைச் சுத்தமான மண்ணிலும் மாற்றி வைப்பார்கள். சுத்தமான இலையும் மட்க மட்க மண்ணிலிருந்து உலோகத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பது அதில் தெரிகிற ஒரு சங்கடம். இலை இளைக்கிறது, அதில் உலோகத்தின் செறிவு ஏறுகிறது. கடைசிக் கட்டத்துத் துண்டுகளைத் தின்ன வருகிற உயிருக்குக் கிடைப்பது மிகவும் நஞ்சேறிய பங்கு.

உலோகம் கட்டுக்கடங்காமல் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உருக்காலைகளைச் சுற்றியுள்ள காடுகள் சாட்சி. ஸ்வீடனின் குசும் ஊரில் 1661-இலேயே பித்தளை ஆலை வந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள காட்டில் செம்பும் துத்தநாகமும் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, பைன் ஊசியிலைகள் மட்கும் வேகம் ஆலையை நெருங்க நெருங்கக் குறைவதைக் கண்டார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே ஏவன்மவுத் துத்தநாக உருக்காலையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள ஹாலன் காட்டில் சருகு வழக்கத்தைவிடத் தடிமனாகப் படிந்திருந்தது. ஆலைக்கு மிக அருகில் மண்புழுவே இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பால்மர்ட்டன் துத்தநாக ஆலையருகிலும் இதேதான்.

இவற்றைக் கசடு போட்ட வயலோடு நேராக ஒப்பிடக் கூடாது. உருக்காலையருகே உலோகத்தின் அளவு பல மடங்கு அதிகம், கூடவே கந்தக அமிலமும் இருந்தது. ஆனால் ஏவன்மவுத்தில் ஸ்டீவ் ஹாப்கினும் டேவ் ஸ்பர்ஜனும் கண்ட ஒன்று கசடுக்கும் பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் செயற்கை மண்ணில் துத்தநாக உப்பைப் புதிதாகக் கலந்து மண்புழுவை விட்டால், மிகக் குறைந்த அளவிலேயே முட்டைக்கூடு போடுவது பாதியாகக் குறைந்தது. அதே அளவு துத்தநாகம் கொண்ட வயல் மண்ணில் புழு தாக்குப்பிடித்தது. காலப்போக்கில் உலோகம் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் பிணைந்து, உயிருக்கு எட்டாமல் போகிறது. இது நல்ல செய்தி. ஆனால் பிணைப்பு நிரந்தரம் இல்லை. மண்ணின் கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கினால் துத்தநாகமும் காட்மியமும் மறுபடி கரையத் தொடங்கும். அமோனியா உரம் வருடந்தோறும் போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட வயல் மெல்ல மெல்ல அமிலமாகும். பொருட்செலவுக்குப் பயந்து ஒரு விவசாயி சுண்ணாம்பை நிறுத்தினால் அவருடைய தாத்தா காலத்துக் கசடு விழித்துக்கொள்ளலாம்.

இதை வைத்துத்தான் விஞ்ஞானிகளுக்குள் நீண்ட சண்டை. கசடோடு வரும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளே உலோகத்தைப் பிடித்து வைக்கும், பயிருக்குப் போகும் அளவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது என்பது ஒரு தரப்பு. அமெரிக்க வேளாண் துறையின் ரூஃபஸ் சேனி அதன் முக்கியக் குரல். கரிமப் பொருள் தீர்ந்ததும் உலோகம் விடுபடும், அது நேரம் குறித்த வெடிகுண்டு என்பது மறுதரப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மரி மெக்பிரைட் அமெரிக்க வரம்புகள் போதாது என்று தொடர்ந்து எழுதினார். என் பார்வையில், பயிரைப் பொறுத்தவரை முதல் தரப்பு பெருமளவு சரி. மண்ணுயிரைப் பொறுத்தவரை அவர்கள் கேள்வியையே முழுதாகக் கேட்கவில்லை.

வரம்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஐரோப்பாவின் 1986-ஆம் ஆண்டு கசடு நெறிமுறை, மண்ணில் காட்மியம் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. துத்தநாகம் 150 முதல் 300, செம்பு 50 முதல் 140. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விதி வேறு விதமாகக் கணக்கிடுகிறது: ஒரு ஹெக்டேரில் மொத்தமாக 39 கிலோ காட்மியமும் 2,800 கிலோ துத்தநாகமும் வரை சேரலாம். ஒரு ஹெக்டேரின் மேல்மண் சுமார் 2,500 டன் என்று வைத்துக்கொண்டால், இது கிலோவுக்கு ஏறக்குறைய 16 மில்லிகிராம் காட்மியம், 1,100 மில்லிகிராம் துத்தநாகம். வோபர்னில் ரைசோபியத்தை ஒழித்த மண் அமெரிக்காவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மண்ணாக இருந்திருக்கும். அமெரிக்க விதி பெரும்பாலும் மனிதர், கால்நடை, பயிர் ஆகியவற்றுக்கான ஆபத்தைக் கணித்து எழுதப்பட்டது. பிரிட்டனோ வோபர்ன் போன்ற முடிவுகளைப் பார்த்துத் துத்தநாகத்துக்கான தன் அறிவுரை வரம்பை 300-இலிருந்து 200-ஆக இறக்கியது. சுவிட்சர்லாந்து 2006-இல் விவசாயத்தில் கசடையே தடைசெய்தது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 1980-களுக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவின் கசடில் காட்மியமும் நிக்கலும் குரோமியமும் மிகவும் குறைந்துவிட்டன. சுத்திகரிப்பு நிலையத்தில் எந்த மந்திரமும் நடக்கவில்லை. முலாம் பட்டறைகளைச் சாக்கடையில் விடுமுன் தாங்களே சுத்திகரிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். துத்தநாகமும் செம்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் அவை வீடுகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் வருகின்றன. இதற்கிடையில் கசடைப் பற்றிய கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது: அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் வயலில் கசடு போடுவதைத் தடைசெய்தது உலோகத்துக்காக அல்ல, அழியாத ஃபுளோரின் ரசாயனங்களுக்காக.

இந்தியாவில் இதன் கணக்கு எப்படி? உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை மட்குக்கு வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்குத் துத்தநாகம் 1,000 மில்லிகிராம், செம்பு 300, ஈயம் 100, காட்மியம் 5, நிக்கல் 50, குரோமியம் 50. மூட்டைக்குள் இருப்பதை இது கட்டுப்படுத்துகிறது. வயலில் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு சேரலாம் என்பது இந்த எண்களில் இல்லை. வரம்பின் விளிம்பில் உள்ள மட்கை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் போட்டால் 10 கிலோ துத்தநாகம், அதாவது மேல்மண்ணில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஏறும். 50 ஆண்டில் 200. மண்ணில் முன்பே இருக்கும் துத்தநாகத்தை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியிலும் கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் உள்ளவை போன்ற கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செப்டிக் டேங்கிலிருந்து லாரியில் வருவது வீட்டுக் கழிவு. அதில் பட்டறைக் கழிவு கலக்க வாய்ப்பு குறைவு. தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் உள்ள ஊரில் பொதுச் சாக்கடையில் சேர்ந்து வரும் கசடு வேறு ரகம். இரண்டையும் 'இயற்கை உரம்' என்ற ஒரே பெயரில் வயலுக்கு அனுப்புவதை ஏற்க முடியாது. எந்தச் சாக்கடையிலிருந்து வந்தது என்பதை மூட்டையின் மேலேயே எழுத வேண்டும்.

மண் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வலைப்பை முறையே போதும்: எடை போட்ட உலர்ந்த சருகு, பெரிய கண் பை, சிறிய கண் பை, கசடு போட்ட வயல், அதே மண்வகையில் கசடு படாத பக்கத்து வயல். சில மாதங்கள் கழித்து எடுத்து, மண்ணைத் தட்டி, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். பெரிய கண் பைக்கும் சிறிய கண் பைக்கும் இடையே எப்போதும் இருக்கும் வித்தியாசம் ஒரு வயலில் சுருங்கியிருந்தால் அங்கே புழுவும் பூச்சியும் வேலையை நிறுத்தியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். சருகுக்குப் பதில் கடையில் வாங்கும் டீ பைகளைப் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து எடை பார்க்கும் முறை 2013-இல் வெளிவந்து பல நாடுகளில் பள்ளி மாணவர்களே செய்யும் அளவுக்குப் பரவியிருக்கிறது. ஆனால் டீ பையின் வலைக்கண் மிகச் சிறியது, மண்புழு நுழையாது. ஆகவே உலோகத்தால் புழு போனதா என்பதை அது சொல்லாது. அதற்கு 16 துளைகளில் தவிடும் செல்லுலோஸும் அடைத்த பிளாஸ்டிக் பட்டைகளை மண்ணில் செருகி, எத்தனை துளை தின்னப்பட்டது என்று எண்ணும் முறை பொருந்தும். இரண்டு வாரத்தில் விடை கிடைக்கும். சர்வதேசத் தர அமைப்பும் இதை ஏற்றிருக்கிறது.

எதைச் செய்தாலும், கசடு போடத் தொடங்கும் முன்பே ஒரு முறை செய்துவிட வேண்டும். கூடவே ஒரு கிலோ மண்ணை உலர்த்தி, தேதியும் வயலின் சர்வே எண்ணும் எழுதி, காற்றுப் புகாத புட்டியில் மூடி வைக்க வேண்டும். 20 ஆண்டு கழித்து வருகிறவர் ஒப்பிட அதுதான் இருக்கும்.